அச்சுப்பிழைக்கும் அழகு உண்டு!

சூப்பர் ஹீரோ படங்களில் எனக்கு உச்சம் எதுவென்று யோசிக்கவே வேண்டாம். 2018-ல் வந்த அனிமேஷன் படம் 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்'தான். மற்ற படங்கள் காமிக்ஸிலிருந்து கதையை எடுத்தன, நாயகனை எடுத்தன. இந்தப் படம் தாளையும் மையையும் அச்சுப்பிழையையும்கூட விட்டுவைக்கவில்லை!

சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். மலிவுத் தாளில் அச்சான பழைய கலர் பக்கங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: சிவப்பு ஒரு மயிரிழை கோட்டைத் தாண்டி நிற்கும், நீலம் மறுபக்கம் எட்டிப்பார்க்கும். பின்னணியை மங்கலாக்க மற்ற படங்களில் ஃபோகஸை மாற்றுவார்கள். இங்கே நிறங்களை அப்படியே விலக்கி வைத்துவிட்டார்கள். படத்தை ஒரு இடத்தில் நிறுத்தி நாயகன் மைல்ஸ் மொராலெஸின் கன்னத்தைப் பாருங்கள். நிழல் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளும் சாய்கோடுகளும்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அசைவு இன்னொரு அதிசயம். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. காட்டுக்குள் வலைவீசித் தாவும் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்-மேன் பீட்டர் 24-லும் அசைகிறார். கூடவே தாவும் மைல்ஸுக்கோ ஒவ்வொரு நிலையும் இரண்டு ஃப்ரேம் நிற்கிறது, அதாவது நொடிக்கு 12 அசைவுதான். பையனுக்கு இன்னும் கைவரவில்லை என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். பிறகு அவன் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும் இடம் இருக்கிறதே! பயத்தில் விரல்கள் கண்ணாடியை விட மறுக்கின்றன. குதிக்கும்போது கண்ணாடி உடைந்து விரல்நுனியோடு வருகிறது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பியிருப்பதால், விழுகிறவன் வானத்தில் ஏறுவதுபோல் தெரிகிறான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

2023-ல் வந்த 'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' அதற்கும் ஒரு படி மேலே போனது. வேறோர் உலகத்து ஸ்பைடர்-நாயகி க்வென்; அவள் உலகம் முழுக்க நீர்வண்ணம். ராபி ரோட்ரிகஸ் வரைந்த ஸ்பைடர்-க்வென் காமிக்ஸின் சாயல் அது. அவளும் அப்பாவும் பேசும்போது மனநிலைக்கேற்பச் சுவரின் நிறம் மாறுகிறது, வழிகிறது. இன்னொரு உலகத்து ஸ்பைடர்-மேனான ஸ்பைடர்-பங்க்குக்கு உடம்பு ஒரு வேகம், கிட்டார் ஒரு வேகம். 2004-ல் ஜீவன் காங் வரைந்த இந்திய ஸ்பைடர்-மேன் பவித்ர் பிரபாகரும் வந்து அசத்திவிட்டுப் போகிறான்.

நடிகர்கள் நடித்த ஆக்‌ஷன் படங்களில் இந்தத் துணிச்சலை நான் பார்த்தது 'ஜான் விக் 4'-ல்தான். பாரிஸில் பாழடைந்த கட்டடத்துக்குள் நடக்கும் சண்டையை உச்சியிலிருந்து, ஒரே நீண்ட ஷாட்டில் காட்டுகிறார் இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கி. யார் எந்த அறையில் நிற்கிறார்கள், குண்டு எங்கிருந்து வருகிறது, எல்லாம் துல்லியம்! கியானு ரீவ்ஸுக்கு 'மேட்ரிக்ஸ்' படத்தில் டூப் போட்டவர் அவர். அடி விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் இருட்டில் வெட்டி வெட்டி ஒட்டும் பெரிய பட்ஜெட் படங்கள் இவரிடம் பாடம் கேட்கலாம்.

ஸ்பைடர்-வெர்ஸின் மூன்றாம் பாகத்தை 2027-க்கு அறிவித்திருக்கிறார்கள். போன படம் முடியும்போது மைல்ஸ் கட்டுண்டு கிடக்கிறான். எதிரே நிற்பவன் வேறோர் உலகத்து மைல்ஸ், அங்கே வில்லன்! அந்த உலகத்துக்கு என்ன தாள், என்ன மை எடுக்கப்போகிறார்களோ தெரியவில்லை. முதல் நாள் முதல் காட்சியில் நான் இருப்பேன்.