பித்தளைக் கூடு

1943. உலகப் போரில் துப்பாக்கி ரவைக்குத் தட்டுப்பாடு. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், அப்பாவின் சலவைக் கடைப் பின்கட்டில், ஃபிரெட் ஹண்டிங்டன் தனக்கு வேண்டிய ரவையைத் தானே செய்ய அச்சு கடைந்தார். ‘ராக் சக்’ என்னும் மலையணிலை வேட்டையாடத்தான்! அந்தப் பெயரின் முதலெழுத்துகளோடு தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் கருவி அமெரிக்கத் தோட்டாப் பிரியர்களின் மேசைகளில் இன்றும் பச்சை நிறத்தில் நிற்கிறது.

தோட்டாவில் நான்கு பொருள்: ரவை, மருந்து, எரியூட்டி, பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரே வெடியில் போய்விடும். மிஞ்சுவது கூடு. வெடிக்கும்போது விரிந்து துப்பாக்கி அறைச் சுவரை அடைத்து, மறுகணமே சற்றுச் சுருங்கி விடுபடும் அந்த உலோகக் குணம்தான், சுட்ட கூட்டை மறுபடி நிறைக்கும் இந்தக் கைவேலைக்கே உயிர். அச்சில் அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

மருந்தை ‘கிரெய்ன்’ கணக்கில் நிறுப்பார்கள். பார்லி மணியிலிருந்து வந்த அளவு, ஒன்று 64.8 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த நம் தட்டாருக்கு இந்தப் பதைப்பு புரியும். நிறைத்தபின் விளக்கடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த கட்டம். இரட்டை அளவு விழுந்திருந்தால் துப்பாக்கியே சிதறலாம்.

தோட்டாப் பஞ்ச காலத்துக்கு இந்தக் கைவேலை உதவும் என்பார்கள். பாதி உண்மை. எரியூட்டியைக் கடையில்தான் வாங்க வேண்டும். 2020இன் தட்டுப்பாட்டில் கடைகளிலிருந்து முதலில் காணாமல் போனவற்றில் அதுவும் ஒன்று.