இதயத்தின் மேல் வந்து இறங்குவது

ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைகளில் பேசப்படும் அவார் மொழியில் இதயத்துக்கு 'ரக்' என்று பெயர். சொல் சிறியது, ஆனால் நம் வாயில் அவ்வளவு எளிதில் வராது. கடைசி 'க்'கை மூச்சோடு விடக் கூடாது. தொண்டையை மூடி, அடைத்த காற்றைச் சட்டென்று வெடிக்கவிட வேண்டும். ரஷ்ய எழுத்தில் அதற்கென்றே பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுகிறார்கள்.

ஒன்று நினைவுக்கு வந்தால் 'திதா ரக்கல்தே ஷ்வனா' என்பார்கள். 'ஷ்வனா' என்றால் வந்து சேர்ந்தது. எங்கே வந்து சேர்ந்தது என்பதில்தான் அழகு. மேலே, அருகே, கீழே, செறிந்த பொருளுக்குள், குழிவான இடத்துக்குள் என்று இட வேற்றுமைகள் அங்கே ஐந்து வரிசை. நினைவு இதயத்துக்குள் புகுவதில்லை. 'மேலே' வரிசையின் 'தே' உருபை ஏற்று அதன்மேல் வந்து இறங்குகிறது. 'திதா' என்பது 'நான்' அல்ல, 'என்னிடத்தில்'. நினைப்பவர் எழுவாயாக நிற்காமல் ஒதுங்கி வழிவிடுகிறார். 'எனக்கு நினைவு வந்தது' என்று பேசும் நமக்கு அந்த ஒதுங்கல் பழக்கமானதுதான். அந்த 'மேல்'தான் புதிது. அந்த மொழியில் எனக்கு மிகப் பிடித்த உருபும் அதுவே.

நம்புவதற்கு 'ரக்செஸே': இதயம் நிற்பது. நமக்கு இதயம் நின்றால் உயிர் போயிற்று. அங்கே, அலைபாய்ந்தது நிலைகொண்டது! மனமார வாழ்த்தும்போது ஒரு இதயம் போதாமல் 'ரக்-ரக்கல்' என்று இரண்டாக அடுக்குகிறார்கள்.

கவிஞர் ரசூல் கம்சாதோவ் (1923–2003) இந்த மொழியில்தான் எழுதினார். அவருடைய 'கொக்குகள்' கவிதை நௌம் கிரெப்னெவின் ரஷ்ய மொழிபெயர்ப்பில் பாட்டாகிப் பெரும்புகழ் பெற்றது. கவிதை எல்லை தாண்டியது, உருபுகள் தாண்டவில்லை. அவரை விரும்பிப் படிப்பவர்கள் அவார் மூலத்தை ஒருமுறையாவது காதால் கேட்க வேண்டும் என்பேன்.

நினைவுக்குச் சொன்ன அந்த 'ஷ்வனா' வினைதான் கண்ணுக்கும்: 'பெர் ஷ்வனா', கண் போய்ச் சேர்ந்தது, அதாவது பார்வை பட்டது. தலைக்கு வேறு வேலை. சரிவில் கல்லடுக்கி, படிப்படியாக வயல் கட்டிய அந்த மக்கள் பிழைப்பை 'பெத்தெர்பக்கி' என்கிறார்கள்: தலையை வெளியே எடுப்பது. நாம் வயிற்றுப்பாடு என்று வயிற்றைப் பார்த்த இடத்தில், அவர்கள் தலையைப் பார்த்திருக்கிறார்கள்.