பேய்ப்படமும் நமது மௌனமும்

பேய்ப்படம் என்றதும் நம் மத்தியிலுள்ள தீவிர சினிமா ஆர்வலர்கள் முகஞ்சுளிப்பது வழக்கம். சத்யஜித் ராய் பற்றியும் தர்மசேன பத்திராஜ பற்றியும் மணிக்கணக்கில் விவாதிக்கத் தயாராயிருப்பவர்கள், பேயை வணிகக் குப்பைக்குள் தள்ளிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழகத்துப் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. 2011இல் 'காஞ்சனா' பெற்ற வெற்றிக்குப் பின் பேயும் நகைச்சுவையும் கலந்த படங்கள் வரிசைகட்டி வந்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் பேய் தன் பழைய கதையைச் சொல்லி, பழிவாங்கி, பார்வையாளரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. ஆனால் ஒரு வடிவம் எவ்வாறு பாவிக்கப்படுகிறது என்பதும், அவ்வடிவத்தால் என்ன செய்ய முடியும் என்பதும் வேறுவேறு கேள்விகள். பணமில்லாத, நட்சத்திரமில்லாத, ஸ்ரூடியோ இல்லாத ஒரு சமூகத்துக்கு இவ்வடிவம் எதைத் தரக்கூடும் என்பதே என் கேள்வி.

நாம் வாழும் இந்நாட்டிலிருந்தே தொடங்கலாம். ஜேம்ஸ் வான் 1977இல் சரவாக்கின் கூச்சிங் நகரில் பிறந்தவர், சீன வம்சாவளியினர். குடும்பத்தோடு பேர்த் நகருக்கு வந்து வளர்ந்தவர். மெல்பேர்ணில் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் படித்தபோது லீ வனெல் என்பவரோடு நட்பானார். இருவரிடமும் பணமில்லை. ஆகவே இரண்டு மனிதர், ஒரு அறை, நடுவில் ஒரு பிணம் என்று கதையைக் கட்டினார்கள். இரம்பம் என்று பொருள்படும் 'ஸோ' அப்படிப் பிறந்தது. இங்கே அதற்கு முதலீடு கிடைக்கவில்லை. 2003இல் சொந்தப் பணத்தில் பத்து நிமிடத்துக்கும் குறைந்த ஒரு குறும்படத்தை எடுத்துக்கொண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். அங்கே ஏறத்தாழ 12 இலட்சம் அமெரிக்க டொலரில், 18 நாட்களில் முழுப்படம் ஒளிப்பதிவாயிற்று. அந்தக் கழிவறை மட்டுமே புதிதாக அமைக்கப்பட்ட அரங்கு. ஒத்திகைக்கு நேரமில்லை. போதாத காட்சிகளை நிழற்படங்களாலும் கண்காணிப்புக் கமெராவின் பாணியிலமைந்த துண்டுகளாலும் நிரப்பினார்கள். 2004 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட அப்படம் உலகெங்கும் பத்துக் கோடி டொலருக்கு மேல் வசூலித்தது.

இதை ஒரு குடியேறியின் வெற்றிக்கதையாக வாசிப்பது சுலபம். நமது சஞ்சிகைகளும் வானொலிகளும் அப்படித்தான் வாசிக்கும். கவனிக்கவேண்டியது வேறொன்று. அவர்கள் தமது வறுமையை மறைக்கவில்லை. அதைக் கதையின் உள்ளமைப்பாகவே ஆக்கினார்கள். அறையை விட்டு வெளியேற முடியாமை என்பது கதாபாத்திரங்களின் நிலைமையாகவும் தயாரிப்பின் நிலைமையாகவும் ஒருசேர இருந்தது. நம்மவர் எடுக்கும் படங்களில் நடப்பது இதற்கு நேரெதிர். இருபதாயிரம் டொலரை வைத்துக்கொண்டு இருபது கோடி ரூபாய்ப் படத்தைப் போலத் தோன்றப் பாடுபடுகிறோம். பாடல் வேண்டும், சண்டை வேண்டும், வானிலிருந்து எடுத்த காட்சி வேண்டும். எஞ்சுவது இல்லாமை மட்டுமே.

ஆயினும் 'ஸோ' மீது எனக்கொரு அடிப்படையான மறுப்புண்டு. அதில் வதைப்பவன் ஓர் ஆசானாக நிற்கிறான். உயிரின் பெறுமதியை உணராதவர்களுக்கு வதையின் மூலம் பாடம் புகட்டுகிறான். உண்மையான வதைமுகாம்களைக் கொண்ட ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது பொய்யென்று தெரியும். அங்கே எவரும் எதையும் கற்பிக்கவில்லை. வதைபட்டவன் அதற்குத் தகுதியானவன் என்ற எண்ணத்தை ஒரு திரைப்படம் விற்குமானால், அது எவ்வளவு கெட்டித்தனமாக எடுக்கப்பட்டிருந்தாலும் அந்த எண்ணம் வதைப்பவனுக்கே உதவும். ஆகவே நாம் அப்படத்திலிருந்து எடுக்கவேண்டியது செய்முறையை, பார்வையை அல்ல.

அரச உதவியோடு எடுக்கலாமே என்பவர்கள் ஜெனிஃபர் கென்ற்றின் அனுபவத்தைப் பார்க்கவேண்டும். 2005இல் 'மொன்ஸ்ரர்' என்ற கறுப்புவெள்ளைக் குறும்படத்தை எடுத்தவர், அதை விரித்து 2014இல் 'த பாபடூக்' படத்தை முடித்தார். ஸ்கிறீன் ஒஸ்ரேலியாவும் தென் அவுஸ்திரேலியத் திரைப்படக் கூட்டுத்தாபனமும் உதவிய அப்படத்தின் செலவு ஏறத்தாழ 20 இலட்சம் டொலர். அது போதாமல் அரங்க அமைப்புக்காக 2012இல் இணையவழியே பொதுமக்களிடம் 30,000 அமெரிக்க டொலர் திரட்டினார். உள்நாட்டில் படம் ஒரு சில அரங்குகளிலேயே வெளியாயிற்று. இங்கே மொத்தமாகக் கிடைத்ததைவிடப் பிரித்தானியாவின் முதல் வார இறுதியில் கிடைத்தது அதிகம்.

2007இல் வந்த தயாரிப்பாளர் வரிச்சலுகை அரங்குகளுக்கான முழுநீளப் படத்துக்கு, தகுதிபெறும் செலவில் 40 வீதத்தைத் திருப்பித் தருவதாக அமைந்தது. ஆனால் செலவு ஐந்து இலட்சம் டொலரைத் தொட்டாற்றான் அதற்குத் தகுதி. ஆகக்கூடிய உதவி தேவைப்படுபவன் வாசற்படியில் நிறுத்தப்படுகிறான். ஐம்பதாயிரம் டொலரில் படம் எடுக்க நினைப்பவனுக்குத் தன் சமூகத்தைத் தவிர வேறு வழியில்லை.

ஈழத்தமிழ் சினிமாவும் இவ்வாறு தனிமனிதர்களின் துணிச்சலில் நின்றதுதான். 1972இல் வெளிவந்த 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வீ.எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று' என்று தொடர்ந்த அந்த மெல்லிய இழை 1983 யூலைக்குப் பின் அறுந்துபோயிற்று.

நான் வாழும் ஹெலன்ஸ்பர்க்கில் 1985இல் குடமுழுக்குக் கண்ட வெங்கடேசுவரர் கோயில் உண்டு. குடியேறிகள் கூடினால் எதை எழுப்ப முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்டு, சில பத்தாண்டுகளில் கைவிடப்பட்ட புகையிரதச் சுரங்கப்பாதையும் உண்டு. மின்மினிப் புழுக்கள் ஒளிரும் அவ்விருட்டைப் பற்றிப் பேய்க்கதைகளும் உலவுகின்றன. காட்சிக்கு இடமில்லை, பணம் சேராது என்ற இரண்டு சாட்டுகளுக்கும் இச்சிறு ஊரே பதில் சொல்லும். அப்படியாயின் தடை எங்கே?

சென்ற ஆண்டு, தொழிற்சாலையில் என்னோடு இரவுவேலை செய்யும் ஒரு தம்பியும் அவனது நண்பர்களும் எழுதிய திரைப்பிரதி ஒன்றை வாசித்தேன். மேற்குச் சிட்னியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற தகப்பன். இரவில் கூடத்து மூலையில் சாக்கால் முகம் மூடிய உருவமொன்று நிற்கிறது. சாக்கில் இரண்டு துளை. அது பேசுவதில்லை, வீட்டுக்கு வருபவர் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறது. நம்மவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. சுற்றிவளைப்புகளில் வரிசையாக நிறுத்தப்பட்டு அந்தத் தலையசைவுக்காக மூச்சடக்கி நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தலையாட்டியைவிடப் பயங்கரமான உருவத்தை உலகின் எந்தப் பேய்ப்படமும் கண்டதில்லை என்பேன். செலவோ ஒரு சாக்கு.

பணம் தர முன்வந்த வர்த்தகர் ஒருவர் பிரதியை வாசித்துவிட்டு ஒரேயொரு திருத்தம் கேட்டாராம். சாக்குக்குள் இருப்பது தகப்பனாக இருக்கக்கூடாது, வேற்றினத்தவனாக இருக்கட்டும். பிள்ளைகள் மறுத்தார்கள். பணம் நின்றுபோயிற்று.

இந்த இடத்தில்தான் றெமி வீக்ஸ் 2020இல் நெறியாள்கை செய்த 'ஹிஸ் ஹவுஸ்' நமக்கு முக்கியமாகிறது. தென்சூடானிலிருந்து தப்பிவந்த ஒரு கணவனும் மனைவியும் இங்கிலாந்தில் அரசு ஒதுக்கிய வீட்டில் தங்கவைக்கப்படுகிறார்கள். வேலை செய்யக்கூடாது, வேறிடம் போகக்கூடாது. சுவருக்குள்ளிருந்து பேய் வருகிறது. கடலில் மூழ்கிய மகளுக்காக வருகிறதென்று எண்ணுகிறோம். பிறகு தெரிகிறது: அவள் அவர்களின் மகளல்ல. பிள்ளையுள்ளவர்களுக்கே பேரூந்தில் இடம் என்றபோது இன்னொரு தாயிடமிருந்து பறித்துவந்த பிள்ளை. படம் அவர்களைத் தண்டிக்கவுமில்லை, விடுதலை செய்யவுமில்லை. பேயோடு சேர்ந்து வாழப் பழகுகிறார்கள். அகதி என்றால் அப்பாவி மட்டுமே என்ற மேற்குலகின் கருணையையும், நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே என்ற அகதியின் தற்காப்பையும் ஒருசேர மறுக்கிறது இப்படம்.

2009இன் இறந்தோரையே இன்னும் எண்ணி முடிக்கவில்லை, அதற்குள் பேய்ப்படமா, இது இறந்தவர்களை விற்பதாகாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிறெக் மக்லீனின் 'வூல்ஃப் கிறீக்' 2005இல் வெளியானபோது, அதனோடு ஒப்பிடத்தக்க கொலைவழக்கொன்று விசாரணையிலிருந்ததால் வடபிராந்தியத்தில் அதன் வெளியீடு தாமதிக்கப்பட்டது. உண்மையான மரணத்தைத் தொடும் கற்பனைக்குப் பொறுப்புண்டு. ஆனால் குறைந்த செலவு இவ்விடத்தில் ஒரு அறமாகவும் செயற்படக்கூடும். குண்டுவீச்சையும் பிணக்குவியலையும் காட்ட நம்மிடம் பணமில்லை. காட்டவும் வேண்டாம். ஓர் அறைக்குள், உயிரோடிருப்பவனின் முகத்தில், கமெராவை நிறுத்துவதற்கே வசதியுண்டு. சொல்லப்படாத கதையும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. நூறு பேர், ஆளுக்கு 500 டொலர்: ஐம்பதாயிரம். ஒரு வீடு, நான்கு நடிகர், மூன்று வாரம். படம் மங்கலாயிருந்தால் பார்வையாளர் பொறுப்பார், ஒலி கெட்டால் பொறுக்கமாட்டார். ஆகவே ஒலிப்பதிவில் சிக்கனம் வேண்டாம். காப்புறுதிக்குப் பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். பணம் தருபவர் எவரும் பிரதியில் கைவைக்கக்கூடாதென்று முதல் நாளே கையொப்பத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மற்றெல்லா ஒழுங்குகளையும்விட இதுவே கடினமானது. சாக்குக்குள் இருப்பது யாரென்று தீர்மானிக்கும் உரிமையை அந்தப் பிள்ளைகளிடம் விட்டுவிட நூறு பேர் நம்மிடையே உண்டா? இதற்கான பதில்களை அடுத்த இதழில் வாசிக்க விரும்புகிறேன்.