யாருடைய வசந்தம்? – ஜப்பானிய வெகுஜனப் பாடல்களில் பருவம்

ஜப்பான் என்றதும் நமக்கு ஹைக்கூதான். 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய நாள்தொட்டு அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டதெல்லாம் குளம், தவளை, நிலா, செர்ரிப் பூ. கவிதைக்குள் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்கிற விதியையும் வியந்து வியந்து எழுதித் தீர்த்தாயிற்று. ஆனால் அதே பனியும் வசந்தமும் அங்குள்ள வெகுஜனப் பாடல்களிலும் ஓயாமல் வருகின்றன. ரேடியோவிலும், மதுக்கடையிலும், டிசம்பர் 31 இரவு என்.எச்.கே. நடத்தும் பாட்டுப் போட்டியிலும் ஜனங்கள் கேட்பது அவற்றைத்தான். அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. வெகுஜனம் என்றாலே நம்மாட்களுக்கு மட்டம்.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். முதலில் நானும் இவற்றை இயற்கைப் பாடல்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1977இல் வெளிவந்த இரண்டு பாடல்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ‘என்கா’ வகை. ஒன்று, இஷிகாவா சயுரி பாடிய ‘சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி’. டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறிய ஒருத்தி அவோமோரியில் இறங்கி, குளிருக்குள் கப்பலேறி மேலும் வடக்கே திரும்பிப் போகிறாள். மற்றது, சென் மசாவோ பாடிய ‘வடபுலத்து வசந்தம்’. நகரத்தில் இருக்கும் மகனுக்கு ஊரிலிருந்து அம்மாவின் சிறு பொட்டலம் வருகிறது. பருவம் அவனுக்குத் தபாலில்தான் வந்து சேர்கிறது.

வடக்கு என்பது இங்கே திசை மட்டுமல்ல. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான டொஹோகுவில் பனி மூடிவிட்டால் வயலில் வேலை கிடையாது. அறுவடை முடிந்ததும் ஆண்கள் டோக்கியோவுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள், நடவுக்குத் திரும்புவார்கள். இதற்குத் ‘தெகாசெகி’ என்று பெயர். 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோவில் சாலையும் கட்டடமும் எழுப்பிய கைகளில் இந்தக் கைகள் ஏராளம். பதினைந்து வயதில் பள்ளி முடித்த பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. 1954 தொடங்கி 1975 வரை, வசந்தம் வரும்போதெல்லாம் தனி ரயில்களில் கூட்டங்கூட்டமாக ஏற்றிக் கொண்டுபோய் உவேனோவில் இறக்கினார்கள். ஆலைகளும் கடைகளும் காத்திருந்தன. ‘பொன் முட்டைகள்’ என்று செல்லப் பெயர் வேறு. முட்டையை என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆக, டொஹோகுவின் குளிர்காலம் என்பது அப்பா வீட்டில் இல்லாத காலம். வசந்தம் என்பது அப்பா திரும்பி வருகிற, பிள்ளை புறப்பட்டுப் போகிற காலம். மூலதனம் உழைப்பை இழுத்துக்கொண்ட கால அட்டவணைதான் பாட்டுக்குள் பருவமாகி வருகிறது. பிரிவு அங்கே யாரோ எடுத்த முடிவாகத் தெரிவதில்லை. பனியைப் போலத் தானாக விழுகிறது. கருத்தியலின் வேலையே இதுதானே, வரலாற்றை வானிலையாக்கிக் காட்டுவது. பத்து வருஷத்தில் அதே பனிக்கு வேறு பாட்டு வந்துவிட்டது. 1987இல் வந்த ‘என்னைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போ’ என்கிற படத்தில், மட்சுதோயா யுமியின் பாடல்களோடு, பனி நகரத்து இளைஞர்களின் விடுமுறையாகிறது. ஒருவரை ஊரைவிட்டுத் துரத்திய பனி இன்னொருவருக்குக் காதல் செய்யும் இடம்.

செர்ரிக்கு வருவோம். 2000இல் ஃபுகுயாமா மசாஹாரு, 2003இல் மொரியாமா நவோதாரோ, 2005இல் கொபுகுரோ என்று செர்ரிப் பாட்டுகள் சக்கைப்போடு போட்டன. மார்ச்சில் பள்ளி முடிகிறது, ஏப்ரலில் புது வாழ்க்கை. நடுவே பூ உதிர்கிறது. உதிர்வும் பிரிவும் ஆதிகாலம் தொட்டே ஒட்டிப் பிறந்தவை என்று தோன்றும். கிடையாது. 1886இல் அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும்படி ஆயிற்று. பள்ளிகள் அதன் பின்னால் போயின. மரமும் பெரும்பாலும் ‘சொமேய் யொஷினோ’ என்கிற ஒரே ரகம், ஒட்டுக் கட்டிப் பெருக்கிய நகல்கள். அதனால்தான் ஓர் ஊர் மரமெல்லாம் ஒருசேரப் பூக்கின்றன, ஒருசேர உதிர்கின்றன. கணக்குப்பிள்ளையும் ஒட்டுமரமும் சேர்ந்து உண்டாக்கிய ‘மரபு’ இது.

ஒருசேர உதிர்வது ராணுவத்துக்கும் பிடித்திருந்தது. 1944 அக்டோபரில் அமைந்த முதல் தற்கொலை விமானப் பிரிவுகளில் ஒன்றின் பெயர் ‘மலைச் செர்ரி’. ஆளை உள்ளே வைத்து மோதவிட்ட ராக்கெட் குண்டின் பெயர் ‘செர்ரிப் பூ’. பூவுக்குக் குற்றமில்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் சாகச் சொன்னவனின் குற்றத்தை மறைக்கப் பூ பயன்பட்டது.

இன்னொன்று: செர்ரியும் பள்ளி விடைபெறுதலும் கைகோக்கும் நாட்காட்டி டோக்கியோவுடையது. அவோமோரியில் செர்ரி பூக்கப் பள்ளி திறந்து நாளாகிவிடும். ரயிலேறிய அந்தப் பிள்ளைகளின் தலையில் ஏதாவது விழுந்திருந்தால் அது பனியாகத்தான் இருக்கும். ‘வடபுலத்து வசந்தம்’ பாட்டில் பூப்பது செர்ரி அல்ல, கொபுஷி என்கிற வெள்ளைக் காட்டுப் பூ. டொஹோகுவில் அதை ‘விதைப்புச் செர்ரி’ என்பார்கள். அது பூத்தால் விதைப்புக்கு நேரம் வந்துவிட்டது. பார்த்து ரசிக்கிற பூ அல்ல, வேலை சொல்கிற பூ.

“அப்போ இதெல்லாம் ஆளும் வர்க்கத்தின் தாலாட்டு, தூக்கிப் போடு என்கிறாயா?” என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. அப்படிச் சொல்வது சுலபம், தப்பும்கூட. அரசின் பெருங்கதையில் அந்தக் காலம் ‘பொருளாதார அற்புதம்’. அற்புதத்துக்கு விலை கொடுத்தவனின் குளிரும் அவன் அம்மாவின் பொட்டலமும் ஜனங்கள் வாயில் தங்கியது இந்தப் பாட்டுகளில்தான். சென் மசாவோ அந்தப் பாட்டுக்கு நைந்த கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகத் தெகாசெகித் தொழிலாளி வேஷத்தில் மேடையேறினார். பாட்டு சொல்லாததை உடுப்பு சொன்னது. மறைப்பதும் காப்பாற்றுவதும் ஒரே பாட்டுக்குள் நடக்கிறது. விமர்சனம் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011. மார்ச் 11 ஆழிப்பேரலையில் சென் மசாவோவின் சொந்த ஊரான ரிகுசென்தகாதாவும் அழிந்தது. ஃபுகுஷிமா அணு உலை வெடித்தது. அந்த உலை இருந்தது டொஹோகுவில். மின்சாரம் போனது டோக்கியோ வட்டாரத்துக்கு. ஆள் போன அதே தடம்தான். 2012இல் என்.எச்.கே. ‘பூ மலரும்’ என்கிற பாட்டைக் கொண்டுவந்து திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. எழுதியவரும் இசையமைத்தவரும் டொஹோகுக்காரர்கள்தாம். இழந்தவர்கள் அதைப் பாடி அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் குளிர்காலம் போல இதுவும் கடந்துபோகும் என்கிற ஆறுதல், கடலுக்குப் பொருந்தலாம், உலைக்குப் பொருந்தாது. சீசியம் 137 பாதியாகக் குறையவே முப்பது வருஷம் ஆகும். அது எந்தப் பருவத்தோடும் மாறுவதில்லை. அதற்குப் பொறுப்பாளிகள் உண்டு. வசந்தத்துக்குப் பொறுப்பாளி கிடையாது.

யூ மிரி 2014இல் எழுதிய நாவலில், ஃபுகுஷிமாவிலிருந்து ஒலிம்பிக் வேலைக்கு வந்த ஒருவன் கடைசியில் உவேனோ பூங்காவில் வீடற்றவனாகக் கிடக்கிறான். செர்ரி பார்க்க ஜனங்கள் திரளும் பூங்கா அது. இனி யாராவது செர்ரிப் பாட்டை உருகி உருகிச் சிலாகித்தால் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: அந்த மரத்தடியில் படுத்திருக்கிறவன் எந்தப் பூ பூக்கும்போது ஊரைவிட்டு வந்தான்?