பழைய புல்லட்டின் கிளட்ச்

இரும்பு சிலிண்டர் காலத்துப் புல்லட் 350-இல் கிளட்சைப் பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் போதும். மற்ற வண்டிகளில் எஞ்சின் மூடியைச் சுற்றி ஸ்க்ரூக்கள் வரிசை கட்டி நிற்கும். அதில் ஒன்று கட்டாயம் தலை தேய்ந்து மல்லுக்கட்டும். புல்லட்டின் செயின்கேஸில் அந்தத் தொல்லை இல்லை. ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் ஒதுக்கிவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, நடுவில் இருக்கும் நட்டைத் திருகினால் மூடி முழுசாகக் கையோடு வந்துவிடும். விளிம்பைச் சுற்றி ஓடும் தடித்த ரப்பர் வளையம்தான் எண்ணெய்க்குக் காவல். ஒழுகுகிறதே என்று நட்டை மேலும் இறுக்கினால் மூடி வளைந்து முன்னைவிட அதிகமாக ஒழுகும். ஒரு மெக்கானிக்கின் கைப்பக்குவத்தை இந்த ஒரு நட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

உள்ளே முன்பக்கம் எஞ்சின் ஸ்ப்ராக்கெட், அங்கிருந்து பின்னால் போகும் இரட்டை வரிச் செயின், பின்பக்கம் கிளட்ச். கிளட்சின் பல்சக்கரம் முன்னதைப்போல இரண்டு மடங்குக்கும் சற்றுப் பெரிது. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் கிளட்ச் ஒரு சுற்று வரும். 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த 346 சிசி ஒற்றை சிலிண்டரோ இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வெடிக்கிறது. கணக்குப் போட்டால், கிளட்ச் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ஏறக்குறைய ஒரு வெடிப்பு. தெருமுனையிலேயே வண்டியை அடையாளம் காட்டும் அந்தத் 'தட் தட்'டில் ஒவ்வொரு தட்டும் முதலில் செயினில் விழுகிறது, அடுத்தபடி கிளட்ச் பிளேட்டின் காதுகளில் விழுகிறது. மிச்சத்தைப் பின் சக்கர ஹப்பில் இருக்கும் ரப்பர் கட்டைகள் வாங்கிக்கொள்கின்றன. அந்த ரப்பர் நைந்துபோய் வண்டி வெட்டி இழுக்க, பழியைக் கிளட்ச் சுமப்பதும் உண்டு.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கிக்கருக்கும் கிளட்சுக்கும் உள்ள உறவு. கிக்கர் இருப்பது கியர்பாக்ஸில். நம் உதை அங்கிருந்து மெயின் ஷாஃப்ட், கிளட்ச், செயின் என்று சுற்றிப்போய்த்தான் எஞ்சினைச் சேர்கிறது. அதனால் கிளட்ச் தேய்ந்தால் மேட்டில் ஏறும்போது தெரிவதற்கு முன்பே காலுக்குத் தெரிந்துவிடும். ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரைத் தட்டி, சரியான இடத்தில் மிதித்தும் கால் வெறுமனே இறங்கினால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். இதே வழியை வேறு விதமாகப் பயன்படுத்துவதுதான் பழைய ஆட்களின் காலை வழக்கம். ராத்திரி முழுக்க எண்ணெயில் ஒட்டிக்கிடந்த பிளேட்டுகளைப் பிரிக்க, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஓரிரு முறை மிதிப்பார்கள். எஞ்சின் அசையாது, கிளட்ச் ஹப்பும் ஸ்டீல் பிளேட்டும் மட்டும் சுழன்று, ஒட்டியிருந்தது 'தளக்' என்று விடும். அதற்குப் பிறகு முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் பாயாது.

இப்படிப்பட்ட கிளட்சுக்குக் கம்பெனிச் சாமானா, வெளிச் சாமானா என்ற கேள்வியை மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் ஏமாறுவோம். கம்பெனிச் சாமானே மூன்று விதமாகக் கிடைக்கிறது. இன்று அட்டைப்பெட்டியில், எம்ஆர்பி ஸ்டிக்கரோடு வருவது ஒன்று. ஏதோ ஒரு பழைய கடையின் பரணில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய மேனிக்குக் கிடந்த, பிரிக்கப்படாத பழைய இருப்பு இன்னொன்று. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய, ஓடித் தேய்ந்த அசல் மூன்றாவது. இவற்றின் தரமும் ஒன்றாக இருக்காது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வண்டியை 1955-இல் மெட்ராஸில் ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே குடும்பத்து எஞ்சின் பல பத்தாண்டுகள் உருவாகிக்கொண்டிருந்தது. அத்தனை ஆண்டில் எஃகும் லைனிங்கும் ஒரே தரத்தில் வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெளிச் சாமானிலும் அப்படித்தான். கம்பெனி ஸ்டிக்கரையே போலியாக ஒட்டியது முதல் கம்பெனியைவிடக் கவனமாகச் செய்தது வரை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரே கவுண்டரில் அடுத்தடுத்து வைப்பார்கள்.

ஆகவே சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் லைனிங் பிளேட். நல்ல பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். லைனிங் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொன்றும் சுத்தமாக, பசை வழிந்து அடைபடாமல் இருக்கும். அந்த இடைவெளிக்கு வேலை உண்டு: பிளேட்டுகள் நெருங்கும்போது நடுவில் அகப்பட்ட எண்ணெய் அந்தச் சந்து வழியாகத்தான் தப்பி ஓட வேண்டும். அது அடைந்திருந்தால் எண்ணெய்ப் படலம் அங்கேயே தங்கி, கிளட்ச் பிடிப்பதிலும் விடுவதிலும் ஒரு மந்தம் வந்துவிடும். நகத்தால் லைனிங்கின் ஓரத்தை நெம்பிப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. பிறகு காதுகள். பிளேட்டைத் தகட்டிலிருந்து வெட்டும்போது ஒரு பக்கம் பிசிறு நிற்கும். அக்கறையாகச் செய்தவர் அதை மழித்திருப்பார். அக்கறையில்லாதவரின் பிளேட் விரலைக் கீறும். விரலைக் கீறுவது, காதுகள் உட்காரும் ஹவுசிங்கின் பள்ளத்தையும் கீறும். காதின் அகலம் பள்ளத்தைவிட ஒரு நூல் குறைந்தால் போச்சு: நான் முன்னே சொன்ன ஒவ்வொரு தட்டுக்கும் அது முன்னும் பின்னும் மோதி, ஹவுசிங்கின் விரல்களில் குழி பறிக்கும். குழி விழுந்த பிறகு எந்தப் பிளேட்டைப் போட்டாலும் அது அந்தக் குழியில் மாட்டிக்கொண்டு நிற்கும். லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் ஒட்டும். சிக்னலில் நியூட்ரல் விழாது. புல்லட்டில் குதிகாலால் அமுக்கும் நியூட்ரல் ஃபைண்டர் இருப்பதால் இந்த நோய் பல நாள் வெளியே தெரியாமல் கிடக்கும்.

வெர்னியர் வைத்து அளப்பவர்கள் ஒரு பிளேட்டோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அடுக்கி வைத்து மொத்த உயரத்தை அளப்பதுதான் அழகு. ஒரு பிளேட்டில் காகித கனம் கூடுதல் என்றால் ஒன்றுமில்லை. அதையே அடுக்கினால் ஸ்பிரிங் உட்காரும் உயரம் மாறிவிடும். நல்ல கம்பெனி செட்டின் நயம் இங்கேதான் இருக்கிறது. தனித்தனியாக எடுத்தால் பெரிய விசேஷம் ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டு வந்தவை மாதிரி இருக்கும்.

ஆனாலும் லைனிங் பிளேட்டுக்காகப் பரணில் கிடந்த பழைய இருப்பைத் தேடி அலைய மாட்டேன். ஒட்டுப்பசைக்கும் ரப்பருக்கும் வயதாகும்; பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் ஆகும். எஃகுக்கு அந்தக் கவலை இல்லை. எனவே ஸ்டீல் பிளேட், ஹவுசிங், ஹப், பிரஷர் பிளேட் இவற்றில் பழைய அசலுக்கே என் ஓட்டு. புதுப்பேட்டைச் சரக்காக இருந்தாலும் சரி. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. அதைத் தொடவே வேண்டாம். தட்டையாக இருந்து வெறுமனே பளபளத்துப் போயிருந்தால், கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து வட்டமாகத் தேய்த்தால் போதும். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான மங்கல் வரும் அந்த நேரம் பார்க்க அவ்வளவு திருப்தி. புதிதாக வரும் மலிவு ஹப்புகளில் உள்பல்லைத் தடவினால் கரகரப்பு கைக்குத் தெரியும். பழையதில் விரல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஸ்பிரிங் விஷயத்தில்தான் கடைக்காரரும் மெக்கானிக்கும் நமக்கு நல்லது செய்யக் கிளம்புவார்கள்.

"சார், எதுக்கும் ஹெவி ட்யூட்டி ஸ்பிரிங் போட்டுருவோம். ஸ்லிப்புங்கற பேச்சே இருக்காது."

"பழையத எடுத்து நிக்க வைங்கண்ணே. உயரம் பார்ப்போம்."

நிற்க வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் ஸ்பிரிங்கின்மேல் குற்றமில்லை. ஒன்று மட்டும் குள்ளமாக இருந்தால் பிரஷர் பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். மூடியைத் திறந்து வைத்து, கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக இறக்கினால் தட்டு கோணலாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். அப்போதும் அசல் அளவில் ஒரு முழு செட் போட்டால் போதும். முரட்டு ஸ்பிரிங் வேண்டியதில்லை. இந்தக் கிளட்சில் லீவரின் நீளம், கேபிளின் வளைவு, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் நெம்புகோல், ஸ்பிரிங்கின் பலம் எல்லாம் ஒரே கணக்கில் அமைந்தவை. ஒன்றை மட்டும் முரடாக்கினால் மிச்சமெல்லாம் அதற்கு வரி கட்டும். முதலில் கட்டுவது இடது மணிக்கட்டு. வடபழனியிலிருந்து கிண்டி வரை மாலை நேரத்தில் ஊர்ந்து பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. தேய்ந்த பிளேட்டை முரட்டு ஸ்பிரிங்கால் அமுக்கி ஓட்டுவது நோயை மூடி வைப்பதுதான். கைக்கு வலி, கிளட்சைத் தள்ளும் ராடுக்கும் கேபிளுக்கும் தேய்மானம், பிளேட்டோ அப்படியேதான் இருக்கிறது.

பிளேட் எண்ணிக்கையைக் கூட்டிய செட்டுகளும் சந்தையில் உண்டு. யோசனை என்ற அளவில் அது புத்திசாலித்தனமானது. உரசும் முகங்கள் கூடினால் அதே பிடிக்கு ஸ்பிரிங் பலம் குறைவாகவே போதும், லீவர் மென்மையாகிவிடும். வேடிக்கை என்னவென்றால் சிலர் பிளேட்டையும் கூட்டி, ஸ்பிரிங்கையும் முரடாக்கி விற்கிறார்கள். எஞ்சினில் மாற்றம் எதுவும் செய்யாத புல்லட்டுக்கு அவ்வளவு பிடி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

கைக்கு வேலை குறைப்பதில் மைசூரில் ஐடியல் ஜாவா செய்த யெஸ்டியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதில் கியர் லீவரை மிதித்தாலே உள்ளே கிளட்ச் தானாகக் கொஞ்சம் எழும்பும். கிளட்ச் லீவரைத் தொடாமலே கியர் மாற்றலாம். அதே கியர் லீவர்தான் நிமிர்த்தினால் கிக்கரும் ஆகும். அதன் கார்க் பிளேட்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டே பிடிப்பவை. மாட்டும் முன் எண்ணெயில் ஊறப்போட வேண்டும்.

எண்ணெய் என்றதும் நினைவு வருகிறது. புல்லட்டின் செயின்கேஸில் செயினும் கிளட்சும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. கார் எஞ்சினுக்கான வழவழப்பு மருந்து கலந்த எண்ணெயை அங்கே ஊற்றிவிட்டால் உலகத்தின் உயர்ந்த பிளேட்டும் வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற முத்திரை இருந்தால் ஈரக் கிளட்சுக்கு ஆகும். பிளேட் வாங்கக் கிளம்பும் முன் எண்ணெயை மாற்றிச் சில நாள் ஓட்டிப் பார்ப்பது செலவில் சிறியது. லீவரில் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று பார்ப்பதற்கோ செலவே இல்லை. அது இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

லீவரை அழுத்தினால் வேலை நடப்பது வலப்பக்கக் கியர்பாக்ஸ் மூடிக்குள். விடுபட வேண்டிய பிளேட்டுகளோ இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவே மெயின் ஷாஃப்டைக் குடைந்து, அதற்குள் ஒரு மெல்லிய ராடை ஓட விட்டிருக்கிறார்கள். அதன் முனை சுழலும் பாகத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் பதமேற்றிய எஃகாக இருக்க வேண்டும். மலிவு ராடின் முனை சீக்கிரமே காளான்போல விரிந்து, வாரத்துக்கு வாரம் அட்ஜஸ்ட் செய்ய வைக்கும். இதில் கம்பெனி ராடுதான், பேச்சுக்கே இடமில்லை.

கேபிளில் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். பழைய அமைப்பில் வெறும் சுருள்கம்பி உறைக்குள் முறுக்குக் கம்பி ஓடும். மழைக்காலம் ஒன்று போனால் உள்ளே துரு உரசுவது கைக்கு வரும். இப்போது உள்ளே டெஃப்லான் குழல் வைத்த வெளிக் கேபிள்கள் வருகின்றன. கம்பி இழைகள் மெல்லியதாக, எண்ணிக்கையில் கூடுதலாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நிப்பிளின் ஈயம் இழைகளுக்குள் இறங்கி மணியாக நிற்கிறதா, மேலே மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டேங்கின் அடியில் பெரிய வளைவாகவே விட்டுக் கட்டி, ஹேண்டிலை இருபுறமும் திருப்பிப் பார்த்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் லீவர் ஒரே இடத்தில் பிடிக்கும். அசல் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே இரண்டு விரலால் கிளட்ச் பிடிக்க முடிவது இந்தக் கேபிளால்தான். இத்தனைக்கும் மொத்தச் செலவில் மிகச் சிறிய துண்டு அதன் விலை.