கேட்டால்தான் பேசும் வாத்து

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியலின் அறிமுகப் பாடம் 'சி.எஸ்.50'. முதல் வாரம் 'ஸ்கிராச்' மொழியில் வண்ணக் கட்டைகளை அடுக்கி விளையாட்டாய்த் தொடங்கும் மாணவர், அடுத்த வாரமே 'சி' மொழியில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டுத் திகைத்து நிற்பார்.

அவருக்குக் கைகொடுக்க 2023இல் செயற்கை நுண்ணறிவு 'வாத்து' ஒன்றைச் சேர்த்தனர். நிரல் எழுதுவோர் பிழையை உரக்க விளக்கிப் பார்க்கும் ரப்பர் வாத்தே இதன் முன்னோடி. விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் காட்டும்படி இதனை அமைத்தது பாராட்டத்தக்கது.

ஆனால், கேட்டால்தான் வாத்து பேசும். என்ன கேட்பதென்றே தெரியாமல் கடைசி வரிசையில் மௌனமாய் இருப்பவரை அது அறியாது. அவரைத் தேடிச் சென்று, "எந்த இடத்தில் புரியவில்லை?" என்று விசாரிப்பது ஆசிரியர் கடமை. அதை வாத்திடம் விட்டுவிடலாகாது.