தலைவர்களின் இல்லமும் வரலாற்றாசிரியரின் கடமையும்

பெரியோரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவர்களுடைய வீட்டு வாசலில் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். உள்ளே செல்லலாமா? செல்லலாமெனில் எதுவரை? கண்டவற்றுள் எதனை வெளியே கொணரலாம்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் எழுதப்படும் வாழ்க்கை வரலாறு புகழ்மாலையாக முடியும். இன்றேல் புறம்பேசுதலாக முடியும். குடியரசுத் தலைவர்களைப் பற்றி வெளிவந்துள்ள நூல்களைப் படிக்குந்தோறும் இவ்விரு குறைகளும் மாறி மாறித் தென்படுகின்றன.

நம் முன்னோர் இச்சிக்கலை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். பிறர் குறையைப் பேசுதல் பெரும்பாவம் என்று கற்பித்த மார்க்கத்தில்தான், ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நினைவாற்றலையும் நேர்மையையும் நிறுத்துப் பார்க்கும் ‘ஜர்ஹு வ தஃதீல்’ என்னும் கலையும் வளர்ந்தது. புறம்பேசுதல் ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துரைத்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அறிவிப்பாளரை ஆராய்தலையும் அவற்றுள் சேர்த்துள்ளார்கள். உண்மையைக் காக்கவும் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுக்கவும் பேசலாம். நாவின் சுவைக்காகப் பேசலாகாது. வாழ்க்கை வரலாறுகளைத் திறனாய்வோர்க்கு இதனினும் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று காண்போம். 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவரும், அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவருமான தாமஸ் ஜெஃபர்சனின் மாளிகையில் சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண் இருந்தார். அவருடைய மக்களுக்கு ஜெஃபர்சனே தந்தை என்னும் செய்தி, அவர் பதவியில் இருந்த 1802ஆம் ஆண்டிலேயே ஒரு பத்திரிகையாளரால் அச்சேறியது. 1873இல் சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் தம் பிறப்பின் வரலாற்றை ஓஹாயோ மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் ஏறத்தாழ நூற்றாண்டுக் காலம் வரலாற்றறிஞர் பலர் அச்சாட்சியத்தை ஒதுக்கினர். பழியை ஜெஃபர்சனின் சகோதரி மக்கள் மீது சுமத்திய பேரப்பிள்ளைகளின் கூற்றையே அவர்கள் ஏற்றனர். 1997இல் ஆனெட் கார்டன்-ரீட் என்னும் பேராசிரியை, இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே தராசில் வைத்து ஆராய்ந்து, அறிஞர்களின் ஓரவஞ்சனையை வெளிப்படுத்தினார். மறு ஆண்டே மரபணுச் சோதனை நிகழ்ந்தது. சாலியின் இளைய மகன் வழித்தோன்றலிடம் ஜெஃபர்சன் குலத்தின் அடையாளம் காணப்பட்டது. சகோதரி மக்களைப் பற்றிய கதை பொய்த்தது. ஜெஃபர்சனின் மாளிகையைப் பேணும் அறக்கட்டளையும் 2000ஆம் ஆண்டில் மேடிசனின் கூற்றை ஒட்டிய முடிவுக்கே வந்தது.

இதில் நாம் கருத வேண்டியது ஜெஃபர்சனின் குற்றத்தை மட்டுமன்று. உண்மை உரைத்த மகன் அடிமையாகப் பிறந்தவன் என்பதாலேயே அவன் சாட்சியம் மதிப்பிழந்தது. நம் ஹதீஸ்கலை வல்லுநர்களோ, இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற நாஃபிஉ (ரஹ்) அவர்களை அறிவிப்பாளர் வரிசையின் உச்சியில் வைத்தனர். மாலிக், நாஃபிஉ, இப்னு உமர் எனவரும் தொடரை மிகச் சரியான தொடர் என்று இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் மதித்ததாக நூல்கள் கூறும். கூறுபவரின் குலம் பார்த்தவர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டு இடறினர். நாணயம் பார்த்தவர்கள் நெறி கண்டனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருத்தணியில் பிறந்து, 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணனின் வரலாற்றை, அவருடைய ஒரே மகனும் வரலாற்றுப் பேராசிரியருமான சர்வபள்ளி கோபால் 1989இல் வெளியிட்டார். தத்துவப் பேரறிஞரான தந்தையார் இல்லற நெறியில் வழுவியதையும், அதனால் தாயார் சிவகாமு அம்மையார் பட்ட துன்பத்தையும் அவர் மறைத்தாரில்லை. மகன் இப்படி எழுதலாமா என்று வருந்தியோர் உளர். கோபாலின் நூலை முழுதும் படிப்போர் அவ்வாறு கருதமாட்டார். தந்தையின் அறிவுப் பணியை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. தூற்றலில் சுவை காணவுமில்லை. பேசாமலே பொறுத்திருந்த தாயாரின் பங்கை ஏட்டில் பதிந்ததே அந்நூலின் அறம். அப்பக்கங்கள் இல்லாதிருந்தால், ஒரு பெண்ணின் ஆயுட்காலப் பொறுமை கணவனின் புகழுக்கு அடியில் புதைந்து போயிருக்கும்.

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களிடம் வரும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. இங்கே மறைக்கத்தக்க ஒழுக்கக்கேடு எதுவுமில்லை. மணம் புரியாது, எளிய உணவும் நூல்களும் வீணையுமாக வாழ்ந்தவர் அவர். ஆயினும் களங்கமற்ற வாழ்வுக்கும் ஓர் ஆபத்து உண்டு. மெருகு ஏற்றி ஏற்றி மனிதரையே மறைத்துவிடுதல்தான் அது.

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை, குரோம் தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்ற ஊர். அங்கே சி. ராஜம் அவர்கள் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரியில் 1950களின் நடுவில் வந்து சேர்ந்தார், இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன். சேருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கையார் ஜொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்திலேயே அவற்றை மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார். 1999இல் அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் வெளிவந்து, ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழிலும் உலவும் தன்வரலாறு தரும் செய்தி இது.

அந்நூலின் சிறப்பை எவரும் மறுக்க முடியாது. தோல்விகளை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1979இல் எஸ்.எல்.வி. ஏவுகலம் கடலில் வீழ்ந்ததை அவர் கூறும் பகுதி, வெற்றியைக் கூறும் பகுதியினும் உயர்ந்தது. ஆயினும் நூலின் அமைப்பில் ஒரு குறை உண்டு. ஏவுகலங்களுக்குப் பல அத்தியாயங்கள் கிடைக்க, ஏவுகலம் செய்தவனைக் கல்லூரிக்கு அனுப்பிய பெண்ணுக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. நம் வீடுகளில் ‘லாத்தா’ என்றழைக்கும் உறவு அது. தம்பிக்குப் பொன்னைக் கழற்றிக் கொடுத்தவர் அதற்குப்பின் எவ்வாறு வாழ்ந்தார், என்ன எண்ணினார் என்பதை அறிய விழையும் வாசகர்க்கு, அவர் ஒரு நற்செயலின் உருவமாக மட்டுமே காட்சி தந்து மறைகிறார். ஆங்கிலத்தில் உருவாகி மொழிபெயர்ப்பாக நம்மிடம் வந்ததும் இக்குறையை மிகுவிக்கிறது. இத்தனைக்கும், ‘நம் விமானத்தை நாமே செய்வோம்’ என்னும் பொருள்பற்றி அக்கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டிக்குக் கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றவர் கலாம். தம் வீட்டின் கதையையும் அவரே தமிழில் எழுதியிருந்தால், அந்தத் தமக்கையாரின் குரலும் நமக்குக் கேட்டிருக்கக்கூடும்.

பதவிக்காலத்தைப் பற்றிய நூல்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. அவருக்குச் செயலாளராகப் பணியாற்றிய பி.எம். நாயர் 2008இல் எழுதிய நூல் நேர்சாட்சியம். 2006இல் இராமேசுவரத்திலிருந்து உறவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்து தங்கியபோது, தேநீர் வரை எல்லாச் செலவையும், மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல், கலாம் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்தியதை அவர் பதிந்துள்ளார். அரசுப் பொருள் அமானிதம் என்பதை இதனினும் சிறப்பாக விளக்க இயலாது. மற்றொன்று, 2012இல் கலாமே எழுதிய ‘திருப்புமுனைகள்’. 2005 மே மாதம் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையில் மாஸ்கோவிலிருந்து கையொப்பமிட்டதும், அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானதென உச்சநீதிமன்றம் கூறியபின் தாம் பதவி விலக முனைந்ததும் அதில் உள்ளன. கலாமைப் போற்றுவோர் முதற்செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். இரண்டாவதை மெல்லக் கடந்து செல்கின்றனர். இரண்டும் ஒரே மனிதரின் மனச்சான்று அல்லவா? தம் கையொப்பம் உறுத்தியதை மறைக்காமல் எழுதியவரைப் பிழையே அறியாதவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்னொரு தீங்கும் பெருகிவிட்டது. பல்லாவரம் முதல் தாம்பரம் வரை பள்ளிச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் அவர் பெயரால் எழுதப்பட்டிருக்கும் பொன்மொழிகளை, எந்த நூலில், எந்த உரையில் உள்ளன என்று கேட்டால் பலவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. நல்ல கருத்துத்தானே என்பர். நல்ல நோக்கத்தோடு ஹதீஸ்களைப் புனைந்தோரும் இதனையே கூறினர். அதற்காக நம் இமாம்கள் அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘மவ்ளூஉ’ என்று முத்திரையிட்டு ஒதுக்கினர்.

2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மறைந்து, பேக்கரும்பில் அடக்கமானார் கலாம். சரியாக ஈராண்டு கழித்து அங்கே நினைவகம் திறக்கப்பட்டது. வீணை வாசிக்கும் அவர் சிலைக்கருகே பகவத்கீதை வைக்கப்பட்டதால் சர்ச்சை எழ, உறவினர் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தனர். மையித்து அடங்கிய இடத்தில் சிலை வைத்தல் நம் நெறிக்குப் பொருந்தாது என்பதை ஒரு சொல்லில் கூறி மேற்செல்வோம். இங்கே நாம் கேட்பது திறனாய்வுக்குரிய வினா. எந்த நூல் அவர் அருகில் இருக்க வேண்டுமென வாதிட்டோர், அவர் தாமே எழுதியவற்றைப் படித்தார்களா? இராமேசுவரத்துப் பள்ளிவாசலுக்குத் தந்தையோடு தொழச் சென்றதையும், கோயில் தலைமைக் குருக்கள் தந்தையின் நண்பராக இருந்ததையும் அவரே விளக்கமாக எழுதியிருக்கிறார். ஒரு சாரார் அவருடைய தொழுகையைக் காணாதவர் போல் நடக்கின்றனர். மறு சாரார் அவருடைய வீணையைக் காணாதவர் போல் நடக்கின்றனர். தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை மறைப்பதை, ஹதீஸ் அறிவிப்பில் நம் அறிஞர் ஒருபோதும் பொறுத்ததில்லை.

ஆகவே தலைவர்களின் இல்லத்தைப் பற்றி எழுதுவோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. இல்வாழ்வின் இரகசியங்களைத் துருவ வேண்டாம். அவற்றின் மீது போர்த்தப்பட்ட திரையை மதியுங்கள். ஆனால் அப்பெருமையின் விலையைக் கொடுத்தவர் எவரோ அவரை அத்திரைக்குப் பின்னே தள்ளிவிடாதீர்கள். மேடிசனின் சொல்லையும், சிவகாமு அம்மையாரின் பொறுமையையும், ஜொஹரா அம்மையாரின் வளையல்களையும் விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு, கடன் கொடுத்தவர் பெயரில்லாத கணக்கேடு போன்றது. கடனை எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். நம் இல்லங்களிலும் மகனின் படிப்புக்காக அடகுக் கடைக்குப் போன நகைகள் உண்டு. அவை யாருடையவை என்பதைப் பிள்ளைகள் அறியுமாறு நாமும் எழுதி வைப்போமாக.